பாடிக்கு ஒரு போர்வை

மார்ச் 3

சாவித் திருடனுக்கு,

இந்த லெட்டர் கைக்கு வந்ததும் முதல் வேலையா உன் பாக்கெட்டுல எல்லாம் கையை விட்டுப் பாரு. ரெண்டாவது கார் சாவி அங்கதான் இருக்கும். நீ நடிகனாகு, யாரும் வேண்டாம்னு சொல்லலை. சாவியைக் குடுத்துட்டு ஆகு.

'ரெண்டு கார், ரெண்டு ஆசிரியர்'னு அப்பா எழுதி வச்ச போர்டு வாசல்ல இன்னும் தொங்குது. இப்போ ஒரு காரு, ஒரு ஆளு. காலைல அஞ்சு பேர் லைசென்ஸ் வேணும்னு வரிசைல நிக்கிறாங்க. பல் டாக்டர் இருக்காரே, கியர் மாத்தும்போது கண்ணை மூடிக்குவாரே, அவரையும் இப்போ என் தலைல கட்டிட்டுப் போயிட்டே. கடைக்குப் போறவன் மாதிரி 'இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டு ரயில் ஏறினவனை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

நேத்து நீ போன் பண்ணினே, நான் எடுக்கலை. இனிமேலும் எடுக்கறதா இல்லை. போன்ல தொண்டை கம்முற மாதிரி பேசுவே, நானும் இளகிப்போயிடுவேன், அந்தப் பக்கம் நீ பிஸ்கட் தின்னுக்கிட்டு இருப்பே. காகிதத்துல நடிக்க முடியாது. சொல்ல வேண்டியதை எழுது.

நீ போறதுக்கு முந்தின நாள் நான் சொன்னதை வாபஸ் வாங்கலை. உன் மூஞ்சில கோபம் வந்தாலும் தெரியாது, சந்தோஷம் வந்தாலும் தெரியாது. நீ நடிச்சா சுவர் நடிச்ச மாதிரிதான் இருக்கும்.

அம்மா ஆபீஸ் மேஜைல உட்கார்ந்து வர்றவங்களுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கறாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூணு தட்டு எடுத்து வச்சு, ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கிறாங்க.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு, சுவர் எழுதிக்கொள்வது.

சாவி இதோட வருது. ரயில் கிளம்பினதும் டிக்கெட்டுக்குச் சட்டைப் பையில கை விட்டேன், இது தட்டுப்பட்டுச்சு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடலாமான்னு பார்த்தேன். இறங்கினா மறுபடி ஏற மாட்டேன்னு தெரியும், அப்படியே உட்கார்ந்துட்டேன். சொல்லிட்டு வந்திருக்கணும்தான். சொன்னா நீ கத்துவே, அம்மா கத்தாம இருப்பாங்க. நீ கத்துறதைத் தாங்கிடுவேன்.

இப்போ நல்ல சேதி. எனக்கு வேஷம் கிடைச்சிருச்சு. டிவில வியாழக்கிழமை ஒரு துப்பறியும் தொடர் வருதே, அதுல. ஒரு கூட்டமே வந்திருந்துச்சுக்கா, தேர்வு வச்சாங்க. மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்சாங்க, காது பக்கத்துல தாம்பாளத்தைக் கீழே போட்டாங்க. மத்தவங்க எல்லாம் துள்ளிட்டாங்க. நான் ஆடலை, அசையலை. 'எங்கேப்பா கத்துக்கிட்டே?'ன்னு டைரக்டர் கேட்டார். 'டிரைவிங் ஸ்கூல்ல சார்'னேன். நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன்னு நினைச்சார். கத்துக்கிறவங்க பெட்ரோல் லாரியைப் பார்த்து ஆக்சிலேட்டரை மிதிக்கறப்போ, பக்கத்து சீட்டுல உட்கார்ந்து 'பரவாயில்லை, மெதுவா'ன்னு சொல்ற மூஞ்சி சும்மா வந்துடுமா? நீ சுவர்னு திட்டின மூஞ்சிதான் எனக்குச் சோறு போடுது.

என்ன வேஷம்னு கேட்காதே. கதையே என்னைச் சுத்தித்தான் நடக்குது, அதை மட்டும் சொல்றேன். அடுத்த வியாழன், மறக்காம அம்மாவை டிவி முன்னாடி உட்கார வை.

தம்பி


மே 6

சுவருக்கு,

மூணு லெட்டர் போட்டு, 'ஏன் பதில் இல்லை, ஏன் பதில் இல்லை'ன்னு கேட்டிருக்கே. எழுதற மாதிரி நீ என்ன செஞ்சிருக்கே?

அந்த வியாழக்கிழமை அம்மா மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டாங்க. மாடி வீட்டம்மா அவங்க நாத்தனாரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எல்லாருக்கும் டீ. டிவி போட்டதும் ஒரு மாடிப்படி வந்துச்சு, படிக்குக் கீழே ஒருத்தன் செத்துக் கிடந்தான். 'பாவம், யார் பெத்த பிள்ளையோ'ன்னு அம்மா சொல்லி வாய் மூடலை, உன் மூஞ்சியைக் கிட்டக்கக் காட்டினாங்க.

கதையே உன்னைச் சுத்தித்தான் நடந்துச்சு, ஒத்துக்கறேன். உன்னைச் சுத்திச் சுண்ணாம்புக்கோடு போட்டாங்க.

சிரிச்சிருப்பேன்டா. ஆனா கடைசில ஒரு போலீஸ்காரர் வெள்ளைத் துணியை உன் மூஞ்சி வரைக்கும் இழுத்து மூடினார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாங்க. கழுவ அங்கே பாத்திரமே இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி முன்ரூம்ல அப்பா மேல அப்படி இழுத்து மூடினது அவங்க கை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த டைரக்டருக்கு எப்படித் தெரியும்.

சரி, முதல் தடவை, போகட்டும்னு விட்டேன். அடுத்தது சினிமா. ஆசையா டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஏரில மிதந்தே. அதுக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி சீரியல். மூச்சு இருந்துச்சு, அம்மாவும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. விளம்பரம் முடிஞ்சு வந்து பார்த்தா போயிட்டே. அந்த ஊர்ல சாகறதுக்கு வேற ஆளே கிடையாதா?

அம்மா சொன்னதை அப்படியே எழுதறேன். 'ஒரு கதையிலயாவது முதல்லேருந்து கடைசி வரைக்கும் அவன் உயிரோட இருக்கட்டும். அப்புறம் வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் வர வேண்டாம், நானும் பார்க்க மாட்டேன்.' கோபமா சொல்லலை. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே சொன்னாங்க. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு.

அக்கா


மே 15

அக்காவுக்கு, பாடி எழுதிக்கொள்வது.

இங்கே என் பேரே அதுதான். 'பாடி வந்தாச்சா? பாடிக்கு டீ குடுத்தீங்களா? பாடிக்கு வெயில் படுது, குடை பிடிங்கப்பா.' மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

அம்மா சொன்னதைப் படிச்சுட்டு வாய்ப்பு வாங்கித் தர்ற மேனேஜர்கிட்ட ஓடினேன். 'உயிரோட இருக்கற மாதிரி ஏதாவது குடுங்க சார், சின்னதா இருந்தாலும் பரவாயில்லை'ன்னேன். 'இந்த வட்டாரத்துல உன்னை மாதிரி சாக ஆளில்லைன்னு பேரெடுத்திருக்கே, கெடுத்துக்காதே தம்பி'ங்கறார். விடலை நான். கெஞ்சிக் கெஞ்சி ஒரு தபால்காரன் வேஷம் வாங்கினேன். கதவைத் தட்டி 'சார், தபால்'னு சொல்லணும். கண்ணாடி முன்னாடி நின்னு நூறு விதமாச் சொல்லிப் பார்த்தேன். ஷூட்டிங் அன்னைக்குப் போய்த் தட்டினேன், சொன்னேன், நல்லாவே சொன்னேன். கதவைத் திறந்து சுட்டுட்டாங்க. அது அடுத்த பக்கத்துல இருந்திருக்கு, எனக்குக் குடுத்தது ஒரு பக்கம்தான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாடகக் குழுல சேர்ந்திருக்கேன். நிஜ மேடை, நிஜத் திரை. நடத்தறவங்க ஒரு அம்மா, எல்லாரும் டைரக்டரம்மான்னுதான் கூப்பிடறோம். நாடகக் கதை இதுதான்: கல்யாணமாகாத ஒரு தம்பி ஒரு வீடு கட்டிட்டுச் செத்துப்போறான். அண்ணனும், அவன் மேல விழுந்து அழற அக்காவும் வந்து, அவனைக் கூடத்துல படுக்க வச்சுக்கிட்டே வீட்டைப் பங்கு போடறாங்க. திரை தூக்கறதுலேருந்து விழற வரைக்கும் நடுமேடைல நான்தான். மத்தவங்க வந்து வந்து போவாங்க, நான் மட்டும் முழுசா இருப்பேன்.

அம்மா கேட்டது முதல்லேருந்து கடைசி வரைக்கும்தானே? இது சேராதா? நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். எனக்கு வீட்டுக்கு வரணும்க்கா. இந்த ரூம்ல ஜன்னலைத் திறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவர் கைக்கு எட்டுது. படுக்க வைக்கிற பலகை வேற ஐஸ் மாதிரி இருக்கு, முதுகு விறைச்சுப்போகுது. நடிக்கவே வேண்டியதில்லை.

பாடி


மே 27

பாடிக்கு,

எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்டுட்டு, 'திரை தூக்கறப்பவே செத்துக் கிடக்கிறானா?'ன்னாங்க. ஆமான்னேன். 'அப்போ இது முன்னைவிட மோசம். அங்கேயெல்லாம் கொஞ்ச நேரமாவது இருந்தான்'ன்னுட்டாங்க. செல்லாது. கோர்ட்டுக்குப் போனாலும் இதான் தீர்ப்பு.

ஆனா சாயங்காலம், மேஜைல எதையோ எழுதிக்கிட்டு, என் பக்கம் திரும்பாம, 'வெறும் பலகையிலயா படுக்க வைக்கிறாங்க?'ன்னு கேட்டாங்க. மறுநாள் காலைல பார்த்தா, உன் பழைய பச்சைப் போர்வை, அந்தக் கனமானது, வெயில்ல காயுது. பார்சல்ல வர்றது அதுதான். தான் குடுத்ததா சொல்லக் கூடாதுன்னாங்க. அதனால இதை நான்தான் அனுப்பறேன். புரியுதா?

பல் டாக்டர் நேத்து ஒரு கண்ணைத் திறந்துக்கிட்டுக் கியர் மாத்தினார். முன்னேற்றம்தான்.

இன்னொண்ணு. உன் மேல விழுந்து அழற அந்த மேடை அக்கா யாரு? நல்லா அழறாளா? நான் உன் மேல விழுந்தெல்லாம் அழ மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பங்கும் கேட்க மாட்டேன், உன்கிட்ட என்ன இருக்கு.

அக்கா


ஜூன் 14

அக்கா,

எல்லாம் கெட்டுப்போச்சு. யார்கிட்டயாவது சொல்லணும், உன்னை விட்டா எனக்கு யாரு.

போர்வையை நாலா மடிச்சுப் பலகை மேல போட்டு, மேலே வெள்ளை விரிப்பை இழுத்துவிட்டேன். முதல் ரெண்டு காட்சியும் பிரமாதம். நேத்து மூணாவது. பகல் முழுக்க ஒரு சினிமாவுக்காகக் குப்பைத்தொட்டி பக்கத்துல செத்துக் கிடந்துட்டு நேரா மேடைக்கு வந்தேன். படுத்தேன். போர்வைல நம்ம வீட்டு அலமாரி வாசனை அப்படியே இருந்துச்சு. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

இனி மத்தவங்க சொன்னது. மேடை அக்கா என் நெஞ்சுல தலையை வச்சு 'தம்பி, என்னை விட்டுட்டுப் போயிட்டியே'ன்னு அழுதுக்கிட்டு இருக்காங்க. அடியிலேருந்து கொர்ர்ருன்னு ஒரு சத்தம். முதல்ல தன் வயிறுன்னு நினைச்சாங்களாம். அடுத்த குறட்டை கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கு. சபைல ஒருத்தர் இருமினார், ஒருத்தர் சிரிச்சார். என்னை எழுப்பறதுக்கு அவங்க அழுதுக்கிட்டே தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. 'தம்பி, தம்பி'ங்கறாங்க. நான் கண்ணைத் திறந்தேன். மூஞ்சிக்கு நேரா ரெண்டு விளக்கு.

எனக்கு வேற எதுவும் தோணலைக்கா. எதிர்ல லாரி வருது, ஸ்டியரிங்ல பல் டாக்டர் கண்ணை மூடிட்டார். துள்ளி உட்கார்ந்து 'பிரேக்! பிரேக்கை அமுக்கு!'ன்னு கத்திட்டேன். நம்ம பக்கத்துல நமக்குன்னு ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதிக்கிற மாதிரி வலது காலை ஓங்கி நீட்டினேன். பலகை முனைல இருந்த பூந்தொட்டி பறந்து போய் மேடை அண்ணன் மடில விழுந்துச்சு. வீட்டுப் பத்திரத்தைக் கையில வச்சிருந்த அந்த மனுஷன், நிஜமாவே பயந்துபோய், 'எனக்கு வேண்டாம்ப்பா, நீயே வச்சுக்கோ'ன்னு அதை என்கிட்ட நீட்டிட்டார்.

சபை இருக்கே, சிரிச்சு உருண்டுடுச்சு. அப்போதான் நான் எங்கே இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது.

டைரக்டரம்மா ஒரு வார்த்தை திட்டலை. 'நாடகத்தை நிறுத்தி வைக்கிறேன். நீ இந்த ஊர்லயே இரு, சொல்லி அனுப்பறேன்'ன்னாங்க. மேனேஜர் காதுக்கும் போயிடுச்சு. 'குறட்டை விடற பாடியை யாருப்பா கூப்பிடுவாங்க'ங்கறார். சாகறதுக்குக்கூட லாயக்கில்லாதவன் ஆயிட்டேன். பெட்டி கட்டி வச்சிருக்கேன். அம்மா சொன்ன மாதிரி ஒரு கதையிலயும் நான் பிழைக்கலை. இருந்தாலும் வரலாமான்னு கேட்டுச் சொல்லு.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

வராதே.

கோபத்துல சொல்லலை, முழுசாப் படி. நீ ஓடறதுல கெட்டிக்காரன். இங்கேருந்து ஓடினே, சரி, அது ஒரு ஆசைக்கு. அங்கேருந்து ஓடினா அது பயத்துக்கு. அந்தம்மா 'இரு'ன்னுதானே சொல்லியிருக்காங்க, 'போ'ன்னு சொல்லலையே. பெட்டியைப் பிரி.

உன் லெட்டரை ஆபீஸ்ல வச்சு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். குறட்டை வந்த இடத்துல உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. 'பிரேக்கை அமுக்கு' வந்ததும் முடியலை. சிரிக்கிறாங்க, சிரிக்கிறாங்க, மேஜையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. கண்ணுல தண்ணி. அப்பா போனதுக்கப்புறம் இந்தச் சிரிப்பை நான் பார்க்கலைடா. பல் டாக்டர் அப்போ பார்த்து உள்ளே வந்து, என்ன விஷயம்னு கேட்டார். அவரை எப்படிச் சமாளிச்சேன்னு எனக்கே தெரியாது. இன்னும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. 'என் போர்வை பண்ணின வேலை'ன்னு அவங்களே சொல்லிட்டாங்க, இனி ரகசியம் இல்லை.

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வக்கீல் மாதிரி ஒரு கேள்வி கேட்டாங்க. எழுந்து உட்கார்ந்தவன் திரை விழற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தானா, இல்லை மறுபடி படுத்துட்டானா? உட்கார்ந்தே இருந்திருந்தா நீ பிழைச்ச கணக்கு, லீவுக்கு வரலாம். உடனே எழுது. பொய் சொல்லாதே, எனக்குத் தெரிஞ்சுடும்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

படுத்துட்டேன். அதுவும் சும்மா படுக்கலை, சபையைப் பார்த்து 'மன்னிக்கணும்'னு சொல்லிட்டுப் படுத்தேன். நீ வளர்த்த மரியாதை. உன் லெட்டரைப் பார்த்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டேன்.

ஆனா கேளு. பெட்டியைப் பிரிச்ச மறுநாளே டைரக்டரம்மா ஆள் அனுப்பினாங்க. போனா எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. 'இத்தனை வருஷமா நாடகம் போடறேன், சபை இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. ஜனங்க மறுபடி அதைப் பார்க்கணும்னு டிக்கெட் கேட்டு வர்றாங்க. நீ ஏன் பிரேக்னு கத்தினே?'ன்னு கேட்டாங்க. அப்பா, ஸ்கூல், நீ, பல் டாக்டர், எல்லாத்தையும் சொன்னேன். முதல் தடவையா இந்த ஊர்ல நான் அவ்வளவு நேரம் பேசினது அன்னைக்குத்தான். பேசி முடிச்சுப் பார்த்தா, நாடகம் எழுதினவர் பேனாவை எடுத்துட்டார்.

கதையை மாத்திட்டாங்க. செத்ததா எல்லாரும் நினைக்கிற தம்பி சாகலை. டாக்டர் அவசரப்பட்டுச் சொல்லிட்டார். படுத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்கிறான், இடைவேளைக்கு முன்னாடி எழுந்து உட்கார்ந்து பிரேக்னு கத்தறான். டிரைவிங் வாத்தியாரு அவன். இடைவேளைக்கு அப்புறம் பேசிக்கிட்டே இருக்கான். எனக்கு வசனம் இருக்குக்கா, பக்கம் பக்கமா இருக்கு. மேடை அக்காவோட ஒரு சண்டை வருது. அதுல அவங்க பேசற பாதி, நீ எனக்கு எழுதினது. டைரக்டரம்மா உன் லெட்டரைப் படிக்கக் கேட்டாங்க, குடுத்துட்டேன். திட்டிக்கோ.

மூஞ்சில ஒண்ணும் தெரியாதவன்னு சொன்னியே, அதைத்தான் ரசிக்கிறாங்க. சுத்தி எல்லாரும் குதிக்கறப்போ நான் சும்மா 'பரவாயில்லை, மெதுவா'ங்கறேன், சபை சிரிக்குது. மேனேஜர் நேத்து வந்து, 'சினிமாவுல ஒரு பஸ் டிரைவர் வேஷம், கார் ஓட்டத் தெரியுமா தம்பி?'ன்னு கேட்டார். முழு ஸ்கிரிப்டையும் வாங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் தலையாட்டினேன். யாரும் சுடலை.

ரெண்டு டிக்கெட் வச்சிருக்கேன், முன்னாடியிலேருந்து மூணாவது வரிசை. திரை விழும்போது நான் நிக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லு. கண்ணைத் திறந்துக்கிட்டு நிக்கிறேன்.

தம்பி


ஜூலை 29

என் லெட்டரை ஊருக்கே படிச்சுக் காட்டினவனுக்கு,

பத்திரமா வீடு வந்து சேர்ந்தோம். எதிர்ல உட்கார்ந்து பேசினப்போ சொல்ல வாய் வராதது சிலது இருக்கு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நீ மேடைலேருந்து பார்க்க முடியாததைச் சொல்றேன். முதல் பாதி முழுக்க அம்மா கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சிருந்தாங்க. என் விரல் செத்துப்போச்சு. 'எழுந்துட்டானா? எழுந்துட்டானா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ 'பிரேக்'னு கத்தினதும் சபையே சிரிக்குது, அம்மா மட்டும் எழுந்து நின்னுட்டாங்க. பின்னாடி இருந்தவர் 'மறைக்குதும்மா'ன்னார். 'கொஞ்சம் பொறுங்க, என் பிள்ளை இப்போதான் எழுந்திருக்கான்'னாங்க. அந்த ஆளுக்குப் பாவம், ஒண்ணும் புரியலை.

முடிஞ்சதும் எல்லாரும் போயாச்சு, அம்மா நகரலை. 'மேடைல நின்னது சரி, கீழே இறங்கி வரட்டும்'ன்னாங்க. நீ பக்கவாட்டுக் கதவு வழியா மூஞ்சில பவுடரோட வந்தே பாரு, உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாங்களே, சூடா இருக்கான்னு பார்த்தாங்களாம். ரயில்ல சொன்னாங்க.

மேடை அக்கா நல்லா அழறா. நல்லாத் திட்டவும் செய்யறா. ஆனா 'கடைக்குப் போறவன் மாதிரி'ங்கற இடத்துல அவ குரலை ஏத்தறா. அங்கே ஏத்தக் கூடாது, தாழ்த்தணும். நான் எழுதினப்போ அழுதுக்கிட்டுத்தான் எழுதினேன்னு அவகிட்ட சொல்லு. உன்கிட்டயும் இப்போதான் சொல்றேன். நீ சுவரும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாபஸ்.

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிட்டார். ரெண்டு கண்ணும் திறந்தே இருந்துச்சு. புதுசா ஒரு பொண்ணைக் கத்துக்குடுக்கற வேலைக்கு வச்சிருக்கேன், 'ரெண்டு ஆசிரியர்' போர்டு பொய்யாகலை. அதனால நீ பஸ்ஸையே ஓட்டு. லீவுக்கு வரும்போது அந்தப் பச்சைப் போர்வையைத் துவைக்கக் கொண்டு வரணுமாம், அம்மா உத்தரவு.

கடைசியா ஒண்ணு. நேத்து டிவில அந்தத் துப்பறியும் தொடர், உன்னோட முதல் வியாழக்கிழமைதான், மறுபடி போட்டாங்க. நான் பயந்து ரிமோட்டைத் தேடினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. மாடி வீட்டம்மாவும் நாத்தனாரும் வந்து, படிக்குக் கீழே உன்னைப் பார்த்ததும் ஐயோ பாவம்னு ஆரம்பிச்சாங்க.

அம்மா உதட்டுல விரலை வச்சு, 'சத்தம் போடாதீங்க, பிள்ளை தூங்கறான்'ன்னாங்க.

அக்கா